கடல் ஓங்கலும் கொடைக்கானல் பாறை விளிம்பும்: அரிப்பது காற்றா, மழையா, அலையா?

வட்டக்கானல்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். போன தென்மேற்குப் பருவமழை நேரத்தில் குடும்பத்தோடு கேரளத்து வர்க்கலா கடற்கரைக்குப் போயிருந்தோம். கடலை ஒட்டிச் செக்கச்செவேல் என்று செங்குத்தாக நிற்குமே, அந்த ஓங்கலில் பல இடங்களில் மண் பெரிய பெரிய கட்டியாகப் பெயர்ந்து கீழே கிடந்தது. மேலே விளிம்பில் இருக்கும் நடைபாதையைச் சில இடங்களில் கயிறு கட்டி அடைத்து வைத்திருந்தார்கள். டீக்கடையில் கேட்டதற்கு, "காற்று அடித்து அடித்தே கரைஞ்சு போகுது" என்றார் கடைக்காரர்.

எனக்கு அங்கேதான் குழப்பம் பிடித்தது. காற்று என்றால் எங்கள் கொடைக்கானலில் இல்லாத காற்றா? ஆடி மாதத்தில் டால்பின் நோஸ் பாறை நுனியில் நிமிர்ந்து நிற்க முடியாது. மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் கூரைத் தகரத்தையே கழற்றிக்கொண்டு போகும். மழைக்கும் குறைவில்லை, ஐப்பசி கார்த்திகையில் பிடித்தால் நாள்கணக்கில் விடாது. இவ்வளவு அடி வாங்கியும் தூண் பாறை என் தாத்தா காலத்துப் போட்டோவில் எப்படி நிற்கிறதோ இன்றும் அப்படியேதான் நிற்கிறது. வர்க்கலாவில் மட்டும் ஏன் ஒவ்வொரு மழைக்கும் சரிகிறது? காற்று அங்கே அப்படி என்ன செய்கிறது?

இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சித்தப்பாவின் நிலம் பள்ளத்தாக்கு விளிம்பை ஒட்டி இருக்கிறது. போன மழைக்குப் பிறகு விளிம்புக்கு இணையாக, தைல மரங்களுக்குப் பின்னால், நீளமாக ஒரு வெடிப்பு தெரிகிறது. பக்கத்தில் ஒரு விடுதிக்காகச் சரிவை வெட்டியவர்கள் மழைத்தண்ணீரை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள், பேசிப் பார்த்தும் பயனில்லை. இன்னும் மரம் வைத்தால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார் சித்தப்பா. மரம்தான் மண்ணை இழுக்கிறது என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நீளமாக எழுதினாலும் பொறுமையாகப் படிப்பேன்.

கோத்தகிரி கல்வாத்தியார்:

நல்ல கேள்வி தம்பி. வெடிப்பைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள், நான் காற்றுக்கு வருகிறேன்.

காற்று நேரடியாகப் பாறையைத் தேய்க்க வேண்டுமானால் அதன் கையில் மணல் இருக்க வேண்டும். வெறும் காற்று பாறையை ஒன்றும் செய்யாது. காய்ந்த மணல், செடி கொடி இல்லாத வெட்டவெளி, விடாத காற்று, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அரிப்பு நடக்கும். அப்போதும் மணல் பெரும்பாலும் இடுப்பு உயரத்துக்குள்தான் துள்ளித் துள்ளிப் போகும், அதற்கு மேலே ஏறுவது குறைவு. நம் மாநிலத்தில் காற்றின் இந்த வேலையைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடுகளுக்கு, தேரிக்காட்டுக்குப் போக வேண்டும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் புல்லும் சோலையும் ஈரமும் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன, காற்றுக்கு எடுத்து வீச மணலே கிடைப்பதில்லை.

அப்படியானால் டீக்கடைக்காரர் சொன்னது பொய்யா என்றால், இல்லை. காற்று அங்கே தன் கையால் அரிப்பதில்லை, கடலை ஏவிவிடுகிறது. அலை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு மூன்று கணக்கு உண்டு: காற்றின் வேகம், அது எவ்வளவு நேரம் ஒரே திசையில் அடிக்கிறது, எவ்வளவு தூரம் தடையில்லாமல் தண்ணீர்மேல் ஓடி வருகிறது. ஜூன் பிறந்ததும் சோமாலியக் கரையை ஒட்டிப் பலத்த காற்று கிளம்பி அரபிக்கடலைக் கடந்து வருகிறது. அங்கிருந்து கேரளக் கரைவரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. மூன்று கணக்கும் உச்சத்தில் இருக்கும் இடம் அது. அலையின் உயரம் 1 மீட்டரிலிருந்து 3 மீட்டர் ஆனால் அதன் ஆற்றல் மூன்று மடங்கு கூடுவதில்லை, ஒன்பது மடங்கு கூடுகிறது. பருவமழைக் காலத்து அலை முதலில் கரை மணலை வாரிக்கொண்டு போகும். வெயில் காலத்தில் ஓங்கலின் காலடியில் அகலமாக விரிந்து கிடந்த மணல்தான் அதற்குக் காவல். அது போனபின் அலை நேராக அடிவாரத்தில் மோதுகிறது, அடி குடைபடுகிறது, மேலே இருப்பது தொங்குகிறது, ஒருநாள் இறங்குகிறது.

ஆனால் வர்க்கலாவில் அலையைவிட மழைக்கும் ஊற்றுக்கும் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். அந்த ஓங்கலைப் பக்கவாட்டில் பார்த்திருந்தால் அடுக்கடுக்காக நிறம் மாறுவது தெரிந்திருக்கும். மேலே துளைத்துளையாக இருக்கும் செம்புரைக்கல், கீழே இளகலான மணற்கல், இடையிடையே களிமண், சில இடங்களில் கறுப்பாக ஒரு பழுப்பு நிலக்கரிக் கீற்று. புவியியல் காலக்கணக்கில் இவையெல்லாம் நேற்று வந்தவை, இன்னும் கெட்டியாகவில்லை. இந்த அடுக்குகள் இவ்வளவு தெளிவாக வெளியே தெரிவதால்தான் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்த இடத்தைப் புவியியல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மழைத்தண்ணீர் செம்புரைக்கல்லில் இறங்கி, மணற்கல்லைக் கடந்து, களிமண்ணில் வந்து முட்டி நிற்கும். கீழே போக வழியில்லாததால் ஓங்கலின் முகத்தில் ஊற்றாகக் கசியும். பாபநாசம் கடற்கரையில் அந்த ஊற்றுகளில் குளிப்பார்கள், நீங்களும் பார்த்திருக்கலாம். ஊறிய களிமண் வழுக்கும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மணற்கல்லின் எடையும் தண்ணீர் குடித்துக் கூடியிருக்கும். மழை பெய்யும்போது விழாமல் மழை விட்டு ஓரிரு நாள் கழித்து விழுவது இதனால்தான். மேலே விளிம்பில் கட்டடம் கட்டிக் கழிவுநீரையும் அங்கேயே இறக்கினால், மழையில்லாத மாதத்திலும் அந்தக் களிமண் காயாது.

இப்போது உங்கள் ஊர். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரும் எங்கள் நீலகிரியும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் பாறை. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. நீலகிரிப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதற்குள் தண்ணீர் ஊறத் துளையே கிடையாது, விரிசல் வழியாக மட்டும்தான் இறங்கும். அதனால் அது மணல் மணலாகக் கரையாது. விரிசலுக்கும் விரிசலுக்கும் இடையில் இருக்கும் கட்டி, நெடுங்காலம் பொறுத்திருந்து, ஒருநாள் மொத்தமாகக் கழன்று விழும். ஒரு குடும்பப் போட்டோ ஆல்பத்தின் காலம் அதற்குப் போதாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உடைந்து விழுந்ததை அடியிலிருந்து யார் எடுத்துப் போகிறார்கள்? உங்கள் பள்ளத்தாக்கில் விழுந்த பாறையும் மண்ணும் அடியிலேயே குவிந்து கிடக்கின்றன. அதன்மேல் காடு வளர்ந்து, அந்தக் குவியலே பாறையின் காலுக்கு முட்டுக்கொடுக்கிறது. வர்க்கலாவில் விழுந்த மண்ணும் சில நாள் அப்படித்தான் காவல் காக்கும். ஆனால் அலை வந்து அள்ளிக்கொண்டு போய்விடும், அடி மறுபடியும் வெறுமையாகும், அடுத்த சரிவுக்கு இடம் தயாராகிவிடும். கடல் ஓங்கல் செங்குத்தாகவே இருப்பதற்கும் பின்னால் நகர்ந்துகொண்டே போவதற்கும் காரணம் இந்தத் துப்புரவுதான்.

பூம்பாறை பூண்டு:

சார், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தூண் பாறையைப் பார்க்க வரும் கூட்டத்திடம் சில கைடுகள் "இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது, அலை அடித்துத்தான் இப்படித் தூணாச்சு" என்று சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் கடல் தூண் படமும் கிட்டத்தட்ட அதேபோல்தான் இருக்கிறது. இது உண்மையா?

முட்டத்துப் பொண்ணு, குன்னூர்:

நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர முட்டம், வாக்கப்பட்டது குன்னூர். இரண்டு விளிம்பும் எனக்குப் பழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

வாத்தியார் வர்க்கலாவைச் சொன்னார். எங்கள் ஊர்க் கடலோரப் பாறை அந்த ஜாதி இல்லை, கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கிடப்பது உங்கள் மலைப் பாறையைப் போலவே உறுதியானது. கடலும் அதே அரபிக்கடல், காற்றும் அதே காற்று. ஆனாலும் நான் சிறுமியாக இருந்தபோது ஏறி உட்கார்ந்த பாறைகள் அப்படியே இருக்கின்றன. ஆக, காற்றும் அலையும் எவ்வளவு பலமாக இருந்தாலும் எதன்மேல் மோதுகின்றன என்பதுதான் பாதிக் கதை. அதே முட்டத்தில் கொஞ்சம் உள்ளே வந்தால் செம்மணல் மேடுகள் இருக்கின்றன. அதில் அலை படுவதே இல்லை, ஆனால் மழைத்தண்ணீர் ஆள் இறங்கும் ஆழத்துக்கு ஓடை ஓடையாக வெட்டி வைத்திருக்கிறது.

ஆனால் அந்த உறுதியான பாறையையும் ஒன்று தின்கிறது, அது உப்பு. அலை எட்டாத உயரத்தில் இருக்கும் பாறைமேலும் சாரல் வந்து படியும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. சாரல் நுண்ணிய விரிசலுக்குள் போகும், வெயிலும் காற்றும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், உப்பு உள்ளேயே படிகமாக வளர்ந்து பாறையின் மணிகளை நெம்பும். மறுநாள் மறுபடியும் சாரலில் நனையும், மறுபடியும் காயும். அப்படி அரிபட்ட இடங்களில் பாறை முழுக்கத் தேன்கூடு போலக் குழி குழியாக இருக்கும். இங்கே காற்றுக்கு இரண்டு வேலை பாருங்கள், உப்பைக் கொண்டுவந்து அப்புவதும் அதுதான், காயவைப்பதும் அதுதான். நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும் பாறையைவிட நனைந்து நனைந்து காயும் பாறைதான் வேகமாகக் கெடும். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை வருஷா வருஷம் பெயின்ட் அடித்தும் காப்பாற்ற முடியாது, குன்னூரில் அந்தக் கவலையே இல்லை.

இன்னொரு விஷயம், மலைக்காரர்கள் கடலுக்குப் போகும்போது தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது. அலை பெரிதாக வருவதற்கு அங்கே காற்று அடிக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சித்திரை வைகாசியில் வானம் தெளிவாக இருக்கும், இலை அசையாது, திடீரென்று கடல் கரையேறி வீட்டுக்குள் புகுந்துவிடும். கள்ளக்கடல் என்போம். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயற்காற்று எழுப்பிய அலை நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. இப்போது ஹைதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் மையத்திலிருந்து முன்னாலேயே எச்சரிக்கை தருகிறார்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் பாறைமேல் நின்று போட்டோ எடுக்காதீர்கள், தயவுசெய்து. வெயில் அடிக்கிறதே, கடல் அமைதியாகத்தானே இருக்கிறது என்று இறங்கியவர்களைக் கடல் கொண்டுபோனது எங்களுக்குத் தெரியும்.

கோத்தகிரி கல்வாத்தியார்:

அம்மா, அருமையாகச் சொன்னீர்கள். உப்பு இல்லாமல் கடல் ஓங்கலைப் பற்றிய பேச்சு முடியாது.

பூம்பாறைத் தம்பிக்கு: இல்லை, தூண் பாறையைக் கடல் செதுக்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாறை அது. அந்த மூன்று தூண்களும் ஏறத்தாழ 120 மீட்டர் உயரம் இருக்கும். செங்குத்தாக ஓடும் விரிசல்கள் அகன்று, நடுவில் இருந்தது கழன்று விழுந்து, மிச்சம் நிற்பதுதான் தூண். எங்கள் பக்கம் ரங்கசாமி மலைக்கு அருகே தனியாக நிற்கும் ரங்கசாமித் தூணும் அப்படித்தான். விரிசலில் இறங்கிய மழைத்தண்ணீர் பாறையின் தாதுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக மாற்றும், வேர் நுழைந்து அகட்டும், பெருமழையில் தண்ணீர் நிரம்பிப் பக்கவாட்டில் தள்ளும். காற்று அதற்குச் செய்யும் உதவி, மழையைச் சாய்த்து நேரே பாறை முகத்தில் அடிப்பது. செங்குத்துப் பாறையில் நேராகப் பெய்யும் மழை அதிகம் படாது, காற்றோடு வரும் மழைதான் படும். கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் மேகம் கீழேயிருந்து மேலே ஏறி முகத்தை நனைக்கும் அல்லவா, அதுபோலச் சாரலும் பாறையில் கீழிருந்து மேலே அடிக்கும், வெளியே நீட்டித் தொங்கும் விளிம்பின் அடிப்பக்கம்கூட நனையும்.

உண்மையான கடல் தூண் எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கரையில் இருக்கும் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகளைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் தூண்கள் அவை. அதில் ஒன்று 2005 ஜூலை 3 அன்று ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நொறுங்கி விழுந்தது. அதே கரையில் லண்டன் பிரிட்ஜ் என்று சொல்லப்பட்ட பாறை வளைவு 1990 ஜனவரியில் இடிந்தபோது மறுமுனையில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஹெலிகாப்டரில்தான் மீட்டார்கள். மால்டாவின் நீலச் சாளரம் 2017 மார்ச்சில் ஒரு புயல் நாளில் காணாமல் போனது. இங்கிலாந்தின் ஹோல்டர்னெஸ் கரை பனியாறு விட்டுச்சென்ற களிமண், அது ஆண்டுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் என்று பின்வாங்குகிறது, பழைய ஊர்கள் பல கடலுக்குள் போய்விட்டன. குளிர்நாட்டு ஓங்கல்களுக்கு இன்னொரு தொல்லை, விரிசலில் புகுந்த தண்ணீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கும்.

வட்டக்கானல்வாசி:

ரொம்ப நன்றி சார், அக்கா. அடியில் விழுந்ததை யார் எடுத்துப் போகிறார்கள் என்ற கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை, இனி எந்த மலைச்சரிவைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். நீங்கள் உறைபனியைச் சொன்னதால் கேட்கிறேன், மார்கழி தை மாதத்தில் நம் மலையிலும் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறதே, அது பாறையைப் பிளக்காதா?

கேத்தி கேரட்:

உறைபனிக்கு நான் சொல்கிறேன், அது விழுந்தால் முதலில் அழுவது நாங்கள்தான். இங்கே உறைபனி விடியற்காலையில் பள்ளமான இடங்களில் புல்லையும் தேயிலைக் கொழுந்தையும் கருக்கும், வெயில் ஏறியதும் போய்விடும். மேல்மண்ணைத் தாண்டி இறங்காது. பாறைக்குள் இருக்கும் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் நீடிப்பதில்லை. அதனால் மலை விளிம்புக்கு அது பெரிய எதிரி இல்லை.

ஆனால் வாத்தியாரோடு ஒரு இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. மலையில் காற்றின் வேலை மழையைச் சாய்ப்பது மட்டும்தான் என்பது போல எழுதியிருக்கிறார். மரத்தை மறந்துவிட்டார். விளிம்பில் நிற்கும் உயரமான மரத்தைக் காற்று பிடித்து ஆட்டும்போது மரம் மட்டும் ஆடுவதில்லை, வேர் பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்து ஆடுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். பல மணி நேரம் அப்படி ஆட்டினால் வேருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழும், மழை அதற்குள் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் திண்டுக்கல் மாவட்டம் வழியாகப் போனபோது கொடைக்கானலில் எத்தனை மரம் விழுந்தது என்று வட்டக்கானல் தம்பிக்கே தெரியும். வேரோடு விழுந்த ஒவ்வொரு மரமும் ஒரு குழி, அடுத்த மழைக்கு அந்தக் குழி ஒரு தொட்டி. தைல மரம் இதில் மோசம், உயரத்துக்கு ஏற்ற பிடிப்பு விளிம்பு மண்ணில் கிடைப்பதில்லை.

அப்புறம், மலையில் உயிரை எடுப்பது பாறை விழுவதைவிட மண்சரிவுதான். கோத்தகிரி, குன்னூர், கேத்திப் பக்கமெல்லாம் பாறைக்கு மேல் பல அடி ஆழத்துக்குச் செம்மண் கிடக்கிறது, பாறையே மக்கி மண்ணானது அது. அதற்குள் அங்கங்கே மக்காத உருண்டைக் கற்கள். கடும் மழையில் அந்த மண் முழுக்கத் தண்ணீர் குடித்து அடிப்பாறைமேல் வழுக்கிக்கொண்டு வருகிறது. 2009 நவம்பரில் இரண்டு மூன்று நாள் மழையில் எங்கள் நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று காற்று பெரிதாக இல்லை, மழைதான். 2019 ஆகஸ்டில் மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, அங்கேயும் சரிவுகள். ஒரே மலையின் மேற்கு முகம் ஆடி ஆவணியில் அடி வாங்குகிறது, கிழக்கு முகம் ஐப்பசி கார்த்திகையில் வாங்குகிறது. உங்கள் விளிம்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் எந்த மாதம் விழித்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கோத்தகிரி கல்வாத்தியார்:

மரத்தைப் பற்றிச் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். கடல் ஓங்கல் விளிம்பில் நிற்கும் தென்னைக்கும் அது பொருந்தும்.

மலையையும் கடலையும் சேர்த்துக் கட்டும் ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மலையிலிருந்து கரையும் மண்ணும் மணலும் பவானி, மோயாறு வழியாகக் காவிரிக்குப் போகிறது, கொடைக்கானலின் தெற்குச் சரிவிலிருந்து வைகைக்குப் போகிறது. முன்பு அதில் ஒரு பங்கு கடலைத் தொட்டுக் கரையோரம் மணலாகப் பரவியது. இந்த வழியில் பவானிசாகர் அணை 1955இல் வந்தது, வைகை அணை 1959இல் வந்தது. பாசனத்துக்கு அவை தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மணல் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது, மிச்சத்தை ஆற்றிலேயே லாரியில் அள்ளிவிடுகிறோம். மணல் இல்லாத கரையில் அலைக்கு வேகத்தடை ஏது? வர்க்கலாவுக்கு வரும் ஆறுகள் வேறு, ஆனால் எந்தக் கரைக்கும் கணக்கு இதேதான். கரை அரிப்பைத் தடுக்கக் கரையில் கல்லைக் கொட்டுவது பற்றியே பேசுகிறோம், மேலே ஆற்றில் நடப்பதைப் பேசுவதில்லை, எனக்கு இது பெரிய ஆதங்கம்.

எஸ்டேட் ஓவர்சியர், கூக்கல்:

ரோடு, வாய்க்கால், தடுப்புச்சுவர் என்று மலையிலேயே வேலை பார்த்தவன். வெடிப்பு பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் தம்பி.

விளிம்புக்கு இணையாக நீளமாக ஓடுகிறது என்றால் அதை வெறும் வெயில் வெடிப்பு என்று விட்டுவிடக் கூடாது. காய்ந்த வெடிப்பு வலை வலையாக, குறுக்கும் நெடுக்குமாக இருக்கும், மழை வந்தால் மூடிக்கொள்ளும். இது அப்படி இல்லை, மண் விளிம்புப் பக்கம் இழுபடுவதற்கான அடையாளம். முதல் வேலை, அது வளர்கிறதா என்று பார்ப்பது. வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஜோடி ஜோடியாக முளை அடியுங்கள், தலையில் ஆணி வையுங்கள், ஆணிக்கு ஆணி டேப் பிடித்து அளந்து தேதியோடு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை போதும், கனமழை நாளில் பாதுகாப்பான தூரத்தில் நின்று கண்ணால் பார்த்தாலே போதும், அளக்கப் போக வேண்டாம். வெளிப்பக்கம் உட்பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தாழ்ந்திருந்தால் அது நகர ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது தண்ணீர். வெடிப்புக்குள் ஒரு சொட்டு போகக் கூடாது. களிமண்ணைப் பிசைந்து அடைத்துக் கெட்டியாக இடியுங்கள், மழைக்காலம் முடியும்வரை மேலே தார்ப்பாய் போட்டு ஓரத்தில் கல் வையுங்கள். ஜல்லியோ செங்கல் கட்டியோ கொட்டி நிரப்பாதீர்கள், தண்ணீர் அதற்குள் சுகமாக இறங்கும். வெடிப்புக்கு மேலே, நன்றாகத் தள்ளி, ஒரு தடுப்பு வாய்க்கால் எடுத்து அடியிலும் பக்கத்திலும் பூசி, வரும் தண்ணீரை இயற்கை ஓடைக்குக் கொண்டுபோய் விடுங்கள். மண்ணில் வெட்டிப் பூசாமல் விட்டால் அந்த வாய்க்காலே இன்னொரு வெடிப்பாகிவிடும். பக்கத்து விடுதித் தண்ணீர் விஷயத்தில் வாய்ப்பேச்சு போதாது. மழை நாளில் தண்ணீர் வருவதைத் தேதியோடு வீடியோ எடுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கும் ஒரு நகல் அனுப்பி ஆய்வு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மரம். சித்தப்பாவும் பக்கத்துத் தோட்டக்காரரும் சொல்வது இரண்டுமே பாதி சரி. வேர் மண்ணைப் பிடிக்கும், உயரமும் எடையும் இழுக்கும். அதனால் வெடிப்புக்கு வெளியே விளிம்பில் புதிதாகப் பெரிய மரம் எதுவும் வைக்காதீர்கள். இருக்கும் தைல மரத்தை வேரோடு பிடுங்கவே கூடாது. தரையோடு ஒட்டி வெட்டாமல் அடிமரத்தை விட்டு வெட்டினால் காற்றுப் பிடிப்பு போய்விடும், வேர் உயிரோடு இருக்கும், அது மறுபடி தழைக்கும், தழைப்பதை உயரவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் அனுமதி வாங்காமல் கை வைக்காதீர்கள், 1955ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. வெறுமையாக இருக்கும் சரிவில் புல்லும் புதரும் போதும். வெட்டிவேர் நன்றாக ஆழம் போகும், நம் குளிரில் மெதுவாகத்தான் பிடிக்கும், மழைக்கு முன்னாலேயே நட்டுவிட வேண்டும். நம் மலைப் புல்லையும் கூடவே விடுங்கள்.

வட்டக்கானல்வாசி:

அண்ணே, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, மிக்க நன்றி. முளை அடித்து அளப்பதைச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார். ஒன்று மட்டும் கேட்கிறேன், நிலத்தில் ஒரு பழைய சின்ன வீடு இருக்கிறது, வேலைக்கு வரும் ஒரு குடும்பம் தங்கியிருக்கிறது. வெடிப்பிலிருந்து சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு அவர்கள் அங்கே இருக்கலாமா?

எஸ்டேட் ஓவர்சியர், கூக்கல்:

இருக்க வேண்டாம் தம்பி. வெடிப்புக்கு எந்தப் பக்கம் வீடு இருந்தாலும் சரி, இந்த ஐப்பசி கார்த்திகை முடியும்வரை அவர்களை ஊருக்குள் வேறு இடத்தில் தங்கவையுங்கள், வாடகையைச் சித்தப்பாவே கொடுக்கட்டும், அது பெரிய செலவில்லை. அவர்கள் இடம் மாறும்வரை கவனிக்கச் சில அடையாளங்களைச் சொல்லி வையுங்கள். நேராக நின்ற மரமோ வேலிக்கல்லோ சாய்ந்தால், நன்றாக மூடிய கதவு திடீரென்று சிக்கினால், தெளிவாக வந்த ஊற்று கலங்கலாக வந்தால் அல்லது புதிதாக ஒரு ஊற்று கிளம்பினால், ராத்திரி என்று பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சரிவுக்குப் பக்கவாட்டில் விலகிப் போய்விட வேண்டும், கீழ்ப்பக்கம் ஓடக் கூடாது. போனபின் 1077க்கு அடித்து மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் சொல்லுங்கள். அளவு நோட்டு ஒரு மாதம் ஆனதும் இங்கேயே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.